பதினோரு குழாயும் ஒரு குளவிக்கூடும்

பானெட்டைத் திறப்பதற்கு முன்னால், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல அதை மூன்று முறை தட்டிவிட்டுக் காத்திருக்கும் மெக்கானிக்கை என் ஆயுசில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். நான் பார்த்த மெக்கானிக்குகள் கொஞ்சநஞ்சமில்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறையில் தண்ணீர் தூக்கிப் பிழைப்பைத் தொடங்கி, இன்றைக்கு இரண்டு மாடிப் பட்டுக்கடை வைத்திருக்கிறவன் நான். நடுவில் ஒன்பது வண்டி வாங்கி ஓட்டியிருக்கிறேன். ஒன்பது வண்டிக்காரன் சொல்கிறேன், தட்டினவர் அவர் ஒருவர்தான்.

முதல் நாள் அவர் தட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

"இன்னா நயினாரே, உள்ள யாரையாச்சும் கூப்புடறீங்களா?"

"யாராச்சும் இருந்தா வெளிய வந்துடட்டும்ணா. சொல்லாம கொள்ளாம தெறந்தா பயந்துக்கும்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை. முன்சக்கரத்தின் சந்திலிருந்து ஓர் அணில் குதித்துக் கொய்யா மரத்தில் ஏறியது. நான் அசந்துபோனேன். அவர் அசரவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் நின்றார்.

"வூட்டுக்காரம்மாவும் வரட்டும்" என்றார்.

இன்னோர் அணிலும் வந்தது. அப்புறம்தான் பானெட்டைத் திறந்தார்.

நயினார் என்பது அவர் பெயர் அல்ல. கூரம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நிலபுலத்தோடு இருக்கும் சமணக் குடும்பம் அவருடையது. அந்த ஜனங்களை எங்கள் பக்கம் அப்படித்தான் மரியாதையாகக் கூப்பிடுவோம். காலையில் கழனி, பத்து மணிக்கு மேல் வண்டி வேலை என்று இருந்தவர். பட்டறை கிடையாது, போர்டு கிடையாது. ஒரு மொபெட்டும் அதன் பின்னால் ஒரு தகரப்பெட்டியும்தான். பழைய கார் என்றால் ஆர்க்காடு வரைக்கும் அவரைத்தான் தேடுவார்கள். இப்போது மகனோடு வெளியூர் போய்விட்டார். பெயரை எழுதினால் கூச்சப்படுகிற ஆள். அதனால் எழுதவில்லை.

கார் எந்தக் கம்பெனி என்றும் சொல்லமாட்டேன். சொன்னால் அவர்கள் என் படத்தைப் போட்டு விளம்பரம் செய்துவிடுவார்கள். கடல் தாண்டி வந்தது, கிட்டத்தட்ட என் வயது, ஆறு சிலிண்டர். அதன் மூக்கு மட்டுமே ஒரு தறி நீளம் இருக்கும். ஒரு மில் முதலாளி வீட்டு ஷெட்டில் பதினைந்து வருஷம் படுத்துக் கிடந்ததைப் பார்த்த அன்றே பேசி முடித்துக் கட்டி இழுத்து வந்தேன். வாங்கின ஜோரில் ஒரு காரியமும் செய்துவிட்டேன். சின்ன மகளின் நிச்சயதார்த்தத்தில், சம்பந்தி வீட்டார் அறுபது பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில், "மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக் கார் கிடையாது. என் சொந்தக் காரில், நானே ஓட்டிக்கொண்டு மாப்பிள்ளையை மண்டபத்துக்குக் கொண்டுவருவேன்" என்று எழுந்து நின்று சொன்னேன். நான் சொன்னால் சொன்னதுதான், காஞ்சிபுரத்துக்கே தெரியும். சொன்ன அன்று அந்தக் கார் ஓடவில்லை என்பது வேறு விஷயம்.

எஞ்சினில் கோளாறு இல்லை. அதைச் சுற்றியிருந்த ரப்பர் குழாய்களில்தான் கோளாறு. எலி கடித்ததும் ஆள் பிடுங்கியதுமாக ஒன்றுகூட அதனதன் இடத்தில் இல்லை. வழி சொல்லும் புத்தகமும் கிடையாது. இரண்டு மெக்கானிக்குகள் வந்து பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு போனார்கள். மூன்றாவதாக நானே இறங்கி இரண்டு குழாய்களை மாட்டினேன். ஓட்டை இருக்கிறது, குழாய் இருக்கிறது, இதற்கென்ன படிப்பு? வண்டி கிளம்பியது. வைப்பரைப் போட்டால் நின்றுவிட்டது. பிரேக்கை மிதித்தால் அம்மிக்கல்லை மிதிப்பதுபோல் இருந்தது.

நயினார் அந்த வைப்பரைப் போட்டு, வண்டி நிற்பதைப் பார்த்தார். மறுபடி கிளப்பி, மறுபடி போட்டு, மறுபடி நிற்கவைத்தார். சந்தோஷமாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

"வைப்பருக்குப் போற குழாய டிஸ்ட்ரிபியூட்டர்ல மாட்டிக்கிறாங்கணா. யாரு மாட்டுனது?"

"முன்னாடி வந்த மெக்கானிக்" என்றேன்.

"கை சுத்தமா மாட்டிக்கிறாரு. எடம்தான் தப்பு" என்றார். தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அன்றைக்கே எல்லாக் குழாய்களையும் எண்ணினார். பதினொன்று. ஒவ்வொன்றின் முனையிலும் வெள்ளைத் துணிக் கிழிசலைக் கட்டினார். எழுத்து, நம்பர் எதுவும் போடவில்லை. கேட்டதற்கு, "எங்கேர்ந்து வருது, எங்க போவுதுன்னு தெரியாம பேரு வைக்கக் கூடாதுணா" என்றார். விஷயத்தை எனக்கு விளக்கியதும் அன்றைக்குத்தான்.

"எஞ்சின் மூச்சு இழுக்குது இல்ல, அந்த இழுப்புக்குத்தான் வேக்கம்னு பேரு. அந்தக் காலத்துக்காரன் வைப்பர் ஆட்டறதுக்கு, காத்துக் கதவு தெறக்கறதுக்கு, பிரேக்கு மிதிக்கிற காலுக்கு ஒத்தாசைக்கு, எல்லாத்துக்கும் இந்த இழுப்பையே குழாய் போட்டு அனுப்பி வச்சிட்டான். ஒரு குழாய் எடம் மாறுனா மூச்சு வேற எங்கியோ போயிடும்."

தறியின் பாவில் ஓர் இழை இடம் மாறினால் சேலை முழுக்கக் கோடு விழும். நான் இந்த ஊர்க்காரன். எனக்கு உடனே புரிந்துவிட்டது.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருந்தது. வாரத்தில் மூன்று நாள் வந்தார். அவர் வேலை செய்வதைப் பார்க்கக் கடையை விட்டுவிட்டு நானும் உட்கார்ந்துகொள்வேன். மற்ற மெக்கானிக்குகள் எஞ்சினில் காற்று எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கப் பெட்ரோலைப் பீய்ச்சுவார்கள். ஒழுகும் இடத்தில் பெட்ரோல் உள்ளே போய் எஞ்சின் சத்தம் மாறும். இவர் அப்படிச் செய்யமாட்டார். தகரப்பெட்டியிலிருந்து ஒரு சிட்டிகை இலவம்பஞ்சை எடுத்து, துடைப்ப ஈர்க்கு நுனியில் சுற்றிக்கொள்வார். ஓடுகிற எஞ்சினுக்கு மேலே ஒவ்வொரு மூட்டாக அந்த ஈர்க்கைக் கொண்டுபோவார். ஒழுகல் இல்லாத இடத்தில் பஞ்சு சும்மா ஆடும். ஒழுகல் இருக்கும் இடத்தில் நாக்கை நீட்டியதுபோல் உள்ளே இழுபடும்.

"பெட்ரோல் அடிச்சா சட்டுனு முடிஞ்சிடுமே நயினாரே?"

"அந்தக் குழாய் மேல பாருங்க."

பார்த்தேன். எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது.

"அதுங்க வேலைய முடிச்சிக்கினு போவட்டும். நம்மளுக்கு என்ன அவசரம்?"

அவசரம் எனக்குத்தான். ஆனாலும் அந்தப் பஞ்சு வேலை எனக்குப் பிடித்திருந்தது. பஞ்சு மட்டமாக இருக்கிறதே என்று நினைத்து, மறுநாள் கடையிலிருந்து ஒரு பிடி பட்டுநூல் பிசிறு கொண்டுவந்து நீட்டினேன். முதல்தரப் பட்டு, மூச்சு விட்டாலே பறக்கும். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மன்னிச்சிக்கோங்கணா. பட்டு தொடமாட்டேன்."

எனக்குச் சுருக்கென்றது. பட்டால் சோறு தின்னும் ஊரில், பட்டால் வீடு கட்டினவன் வாசலில் நின்றுகொண்டு இப்படி ஒரு பேச்சா?

"ஏன், உங்க வீட்டம்மா போன தீபாவளிக்கு என் கடையிலதான மாம்பழக் கலர்ல எடுத்தாங்க? அப்ப புழு சாவலியா?"

"அது அவ இஷ்டம்ணா. நான் யாரையும் சொல்லல. உங்க பொழப்பையும் சொல்லல. என் கைய மட்டும்தான் சொல்றேன்."

வாதம் பண்ணினால் ஜெயிக்கிற ஆள் நான். வியாபாரிகள் நாலு பேரை ஒரே நேரத்தில் உட்காரவைத்துப் பேசி அனுப்பியிருக்கிறேன். 'என் கைய மட்டும்தான்' என்று சொல்பவரிடம் எங்கே பிடித்து வாதம் பண்ணுவது? பிசிறை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

இன்னொரு நாள் நடந்ததை என் மனைவி இன்றும் சொல்லிச் சிரிப்பாள். சில குழாய்களின் மறுமுனையில் ஒரு சவ்வு இருக்கும். அது கிழிந்திருக்கிறதா என்று பார்க்க, குழாயை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு நாக்கால் அடைத்துக்கொள்ள வேண்டும். நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றால் சவ்வு நன்றாக இருக்கிறது. நழுவினால் கிழிந்துவிட்டது. எப்போதும் அவரே செய்வார். அன்றைக்கு அவருக்கு அஷ்டமி விரதம்.

"வாயில எதையும் வைக்கமாட்டேன்ணா. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்கு எதுக்கு? நான் இருக்கேன், குடுங்க" என்று வாங்கினேன்.

"மொதல்ல ஊதிட்டு, உள்ள யாராச்சும்..."

அவர் முடிப்பதற்குள் உறிஞ்சிவிட்டேன். சவ்வு நன்றாகத்தான் இருந்திருக்கும். அதற்கு முன்னால் ஒரு குடும்பம் எறும்பு என் நாக்குக்கு வந்து சேர்ந்தது. குழாயடிக்கு ஓடிக் கொப்பளித்தேன். நயினார் பின்னாலேயே ஓடிவந்தார். எனக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறி வருகிறார் என்று நினைத்தேன். அவர் நான் துப்பிய இடத்தில் குனிந்து பார்த்தார்.

"நாலு பேரு பொழச்சிக்கினாங்கணா" என்றார் நிம்மதியாக.

"என்னைக் கேளுங்கய்யா மொதல்ல!"

"நீங்க பேசறீங்களே, அப்புறம் இன்னா?"

இப்படியே ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுபிடித்தார். மட்கார்டுக்கு உள்ளே ஒரு தகர டப்பா இருந்தது. ஆயில் டப்பா என்று நினைத்துத் தூக்கி எறிய இருந்தேன். அது மூச்சைச் சேமித்து வைக்கும் டப்பாவாம். மேட்டில் ஏறும்போது எஞ்சினின் இழுப்பு குறைந்துபோகும், அப்போது வைப்பர் நின்றுவிடாமல் இருக்க அதிலிருந்து கொடுக்குமாம். மெல்லிய குழாய் ஒன்று டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போனது. எஞ்சின் இழுக்கும் பாரத்துக்குத் தகுந்தபடி நெருப்புப்பொறி விழும் நேரத்தை மாற்றுகிற வேலை அதற்கு. ஒன்று தெரிந்ததும் அதில் கட்டிய துணியை அவிழ்த்துவிடுவார். துணி குறையக் குறைய எனக்குத் தெம்பு கூடியது. கல்யாணம் வெள்ளிக்கிழமை, மாப்பிள்ளை அழைப்பு வியாழன் சாயங்காலம். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பத்துத் துணி அவிழ்ந்துவிட்டது. பதினோராவதுதான் பிரேக்குக்குப் போகிற தடிக்குழாய்.

டிரைவர் பக்கத்தில் கறுப்பாக ஒரு பெரிய சட்டி மாதிரி இருக்கிறதே, அதுதான் பூஸ்டர், அதுதான் காலுக்கு ஒத்தாசை என்று காட்டினார். அதன் வாயில் ஒரு சின்ன வால்வு. மூச்சை ஒரு பக்கமாக மட்டும் விடும். அதில் குழாயைச் செருகிவிட்டால் வேலை முடிந்தது. செருகப் போன கை பாதியில் நின்றது. டார்ச் அடித்துப் பார்த்தார்.

"குடியிருக்குது."

"யாரு?"

"குளவி. மண்ணு வச்சி மூடிக்கினு இருக்குது. இன்னும் ஓட்டை போடல. குஞ்சு உள்ளதான் இருக்கும்."

"எப்ப காலி பண்ணும்?"

"பத்து நாளு ஆவலாம்."

"வியாழக்கெழம மாப்பிள அழைப்புயா!"

"தெரியும்ணா."

"கம்பிய வுட்டு ஒரு குத்து குத்துனா..."

"நான் குத்தமாட்டேன்."

குரல் உயரவில்லை. சோறு வேண்டாம் என்று சொல்வதுபோல் சொன்னார். நான் கத்தினேன். அறுபது பேர் முன்னால் சொன்ன வாக்கு என்றேன், மானம் என்றேன், மகள் வாழ்க்கை என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நாளைக்கு மெட்ராஸ் போறேன்ணா. பழைய சாமான் கடைங்கள்ல இதே வால்வு இருக்கும். கெடச்சா இதக் கூட்டோட கழட்டி மரத்துல கட்டிடலாம். கெடைக்கலன்னா ஒத்தாசை இல்லாம அழுத்தி மிதிச்சி ஓட்டுங்க, ஊர்கோலம்தான? கொழந்தைங்கள மட்டும் முன்னால வுட வேணாம். அதுவரைக்கும் தொடாதீங்க."

"சரி" என்றேன்.

திங்கள் போனது. செவ்வாய் மத்தியானம் வரை அவரிடமிருந்து தகவல் இல்லை. என் மனைவி பத்திரிகை வைக்கப் போயிருந்தாள். அவள் இருந்தால் விடமாட்டாள். குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தைச் சத்தம் கேட்கும் என்று நம்புகிறவள். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அந்தக் கூட்டில் கை வைக்க எந்தத் தாய் விடுவாள்? சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு குத்து. பாதி மண் வெளியே வந்தது, மீதி உள்ளே போனது. மண்ணோடு வேறு என்ன வந்தது என்று நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றுதான் பார்க்கவில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிட்டு வந்து சோறு தின்றேன்.

புதன்கிழமை நயினார் வந்தார். இரண்டு நாள் கடை கடையாக அலைந்தும் வால்வு கிடைக்கவில்லை. சட்டையெல்லாம் கிரீஸ். அதைச் சொல்லிக்கொண்டே பானெட்டைத் தட்டித் திறந்து பார்த்தவர் முகம் மலர்ந்தது. முகூர்த்தப் பட்டை விரித்துப் போடும்போது பெண்ணின் தாய் முகத்தில் வருகிற மலர்ச்சியைத் தினமும் பார்க்கிறவன் நான். அதற்கு ஒரு மாற்றுக் கூடுதல்.

"பறந்துட்டுதாணா?"

நான் தலையை ஆட்டினேன்.

"மண்ணு?"

"நான்தான் தொடச்சேன்."

"காலியானப்புறம்தான?"

மறுபடி ஆட்டினேன். நம் ஊர்த் தலையாட்டலில் ஒரு வசதி இருக்கிறது. பார்க்கிறவர் எதை நினைக்கிறாரோ அதுவே அதற்கு அர்த்தம். அவர் நல்லதை நினைத்துக்கொண்டார். குழாயை மாட்டினார். பிரேக் வெண்ணெயாக இறங்கியது. திருப்புட்குழி வரைக்கும் போய்த் திரும்பினோம். வழியெல்லாம் அவர் தனக்குத் தானே சிரித்துக்கொண்டு வந்தார்.

வியாழன் சாயங்காலம். காருக்கு மல்லிகைச் சரம், எனக்கு அரக்குக்கரைப் பட்டுவேட்டி. பின் சீட்டில் மாப்பிள்ளை. முன்னால் நாதஸ்வரம், தவில், அவர்களுக்கும் முன்னால் ஆடிக்கொண்டு போகும் குழந்தைகள். நயினார் வெள்ளைச் சட்டையோடு முன்சக்கரத்தை ஒட்டி நடந்துவந்தார். ராஜவீதியில் ஒரு திருப்பம் தாண்டினோம். பிரேக்கை மிதித்தேன். அம்மிக்கல். பதறிப்போய் இரண்டு காலையும் வைத்து ஏறி மிதித்ததில் வண்டி நின்றது. நிற்பதற்குள் பம்பர் தவில்காரர் முதுகை உரசிவிட்டது.

"சார், அடிக்கிறது என் வேலை. நீங்க ஓட்டுங்க போதும்" என்றார் அவர்.

மாப்பிள்ளையின் தோழர்கள் சிரித்தார்கள். நயினார் சிரிக்கவில்லை. என் காலைப் பார்த்தார். ஜன்னல் பக்கம் வந்தார்.

"கல்லாட்டம் இருக்குதாணா?"

"ம்."

"ஹேண்ட் பிரேக்கப் போட்டு எஞ்சின ஆஃப் பண்ணுங்க. முன்னால கொழந்தைங்க. ஓட்ட வேணாம்."

நிறுத்தினேன். நாதஸ்வரமும் நின்றது. வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு சம்பந்தி வேகமாக வந்தார்.

"இன்னா சம்பந்தி, சொந்தக் காரு படுத்துக்கிச்சா?"

நயினார்தான் பதில் சொன்னார். பொய் சொல்லத் தெரியாதவர், என்ன சொல்லப்போகிறாரோ என்று எனக்கு வேர்த்தது.

"வண்டி நல்லா ஓடும் சார். நிக்கறதுதான் கஷ்டம். நம்ம ஊரு தேரு கூட அப்பிடித்தான? தேருக்கு ஏது பிரேக்கு? வடம் புடிச்சி இழுத்து, முட்டுக்கட்டை போட்டு நிறுத்தறோம். மாப்பிள்ளைய அந்த மாதிரி இழுத்துக்கினு போலாம்."

சம்பந்தி ஒரு வினாடி யோசித்தார். பிறகு கையைத் தட்டிச் சிரித்தார்.

"டேய், வாங்கடா எல்லாரும்! மாப்பிள்ளைக்குத் தேரு!"

இந்த ஊரில் தேர் இழுக்காத கை எது? பந்தல்காரர் வடக்கயிறு கொண்டுவந்து முன்பக்கம் கட்டினார். இரண்டு மரக்கட்டை வந்தது. தோழர்கள், மாமன்மார், தெருவில் சும்மா நின்றவர்கள் எல்லாரும் கயிற்றில் விழுந்தார்கள். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டேன். தவில் இப்போதுதான் உண்மையில் ஏறியது. ஒரு பக்கச் சக்கரத்துக்குப் பந்தல்காரர் கட்டை வைத்தார், மறுபக்கத்துக்கு நயினார். வீட்டுக்கு வீடு பெண்கள் வெளியே வந்து ஆரத்தி காட்டினார்கள். செல்போனில் படம் எடுக்காத ஆள் இல்லை. மண்டபத்து வாசலில் அவர் கட்டையைச் சரியாகச் செருகினார். கார் நூல் பிசகாமல் கோலத்துக்கு முன்னால் நின்றது.

சம்பந்தி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "சம்பந்தி, இந்த மாதிரி ஐடியா உங்க ஒருத்தர் தலையிலதான் வரும்!"

"சும்மா கார்ல வந்து எறங்குனா இன்னா பெருமை, அதான்..." என்றேன்.

சக்கரத்தடியில் குந்தியிருந்த நயினார் அதைக் கேட்டார். எழுந்து, கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு, கட்டைகளைப் பந்தல்காரரிடம் கொடுக்கப் போனார்.

கல்யாணம் ஜாம்ஜாம் என்று நடந்தது. ஞாயிற்றுக்கிழமை நயினார் பிரேக்கைப் பார்க்க வந்தார். நியூஸ்பேப்பரை விரித்து, பூஸ்டரின் வால்வைக் கழற்றி அதன் மேல் தட்டினார். மண்கட்டி விழுந்தது. சட்டிக்குள் போன மண்ணை எஞ்சினின் இழுப்பே கொண்டுவந்து வால்வில் அடைத்திருக்கிறது. மண்ணோடு, குஞ்சுக்குத் தீனியாகக் குளவி வைத்துப்போன காய்ந்த சின்னச் சிலந்திகள் நாலைந்தும், நொய்யரிசி மாதிரி வெளுப்பாக ஒன்றும் விழுந்தன. ஈர்க்கால் அந்த வெளுப்பை மட்டும் தனியே ஒதுக்கினார்.

"எப்பணா?"

"செவ்வாக்கெழம" என்றேன். இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை. "வாக்கு குடுத்துட்டேன் நயினாரே. அறுபது பேரு எதுர்ல..."

"வாக்கு வந்து சேந்துடுச்சிணா. கயிறு கட்டி இழுத்தாந்தோமே."

குத்திக் காட்டவில்லை. கணக்குச் சரியாக இருக்கிறது என்பதுபோல் சொன்னார். பேப்பரை மடித்துக் கொய்யா மரத்தடியில் கொட்டிவிட்டு வந்தார். வால்வைக் கழுவினார், மாட்டினார், குழாயைச் செருகினார், எஞ்சினைக் கிளப்பிப் பிரேக்கை மிதித்துப் பார்த்தார். வெண்ணெய். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பெட்டியை மூடிவிட்டு என் எதிரில் வந்து நின்றார். கோபம் எங்காவது இருக்கிறதா என்று அவர் முகத்தில் தேடினேன். இருந்திருந்தால் எனக்குச் சுலபம். கோபக்காரர்களைச் சமாளித்தே முன்னுக்கு வந்தவன் நான்.

"ஒரே ஒரு விஷயம்ணா. புதங்கெழம வீட்டுக்குப் போயி, குஞ்சு பறந்துட்டுதுன்னு சொல்லிட்டேன். அவளும் சந்தோஷப்பட்டா. இப்ப போயி நான் இன்னா சொல்லட்டும்?"

நிஜமாகவே கேட்டார். எதற்கும் யோசனை சொல்கிறவன் என்று ஊரில் எனக்குப் பெயர். பாகப்பிரிவினையா, பெண் பார்ப்பதா, என்னைக் கேட்டுத்தான் செய்வார்கள். சாவியை எடுத்தேன்.

"உக்காருங்க. நானே வந்து சொல்றேன்."

அவர் மொபெட்டை என் வீட்டில் விட்டுவிட்டு அந்தக் காரிலேயே போனோம். வழியெல்லாம் பிரேக் நன்றாகப் பிடித்தது. அவர் வீட்டு வாசலில் அந்த அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கடையில் பார்த்தே பழக்கம். வீட்டுக்கு நான் வந்ததில்லை. எழுந்து, "வாங்கணா, கல்யாணம் நல்லா நடந்துதா?" என்றார்.

"நடந்துதுமா. ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்று, நின்றபடியே சொன்னேன். கம்பியை எடுத்ததைச் சொன்னேன். இரண்டு குத்தைச் சொன்னேன். தலையை ஆட்டியதைச் சொன்னேன். தேர் யோசனை என்னுடையது என்று சம்பந்தியிடம் பெயர் வாங்கிக்கொண்டதை அவர்கள் கேட்கவே இல்லை. அதையும் சொன்னேன். நயினார் கார்ப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டிருந்தார். சின்னதாய் ஒரு குளவிக்காக ஒரு பட்டுக்கடை முதலாளி வாசலில் நின்று வேர்க்கிறானே என்று எனக்கே ஒரு பக்கம் தோன்றத்தான் செய்தது. ஆனால் பாதியில் நிறுத்த முடியவில்லை.

அந்த அம்மா முறத்தைக் கீழே வைத்தார்.

"போற வர்ற வழியில எத்தினியோ மிதிபட்டுப் போவுதுணா. நாங்களும்தான் மிதிக்கிறோம். வாசல்ல வந்து நின்னு சொன்னது நீங்க ஒருத்தருதான்."

பிறகு வீட்டுக்காரரைப் பார்த்து, "இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? எலைய எடுங்க. பொழுது எறங்கிட்டா நாம சாப்புட முடியாது. அண்ணாவும் நம்மளோட உக்காரட்டும்" என்றார்.

கூடத்தில் மூன்று இலை விழுந்தது. வெங்காயம் பூண்டு இல்லாத வெறும் பருப்புக் கடைசல், அவரைக்காய்ப் பொரியல், ரசம். மேற்கு ஜன்னலில் வெயில் இருக்கும்போதே மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். ஆயிரம் பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன், ஆயிரத்திலும் என் குரல்தான் பெரிதாகக் கேட்கும். வாயைத் திறக்காமல் நான் சாப்பிட்டு எழுந்தது அந்த ஓர் இலையில்தான்.